கிராணி சாவி

"யாரு எதப் பாக்கலாம், எதப் பாக்கக் கூடாதுன்னு நீ சொல்லப் போறியா? லயன் வீட்டுல பொறந்த புள்ள, கம்ப்யூட்டர் படிச்சிட்ட, சரி. அதோட நில்லு லா."

இதைச் சொன்னவர் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிராணி. கிராணி என்றால் ஆபீஸ் எழுத்தர். பெரிய கிராணி என்றால் தோட்ட மேலாளரான துரைக்கு அடுத்த ஆள். நான் அவரிடம் பெரிதாக எதுவும் கேட்டுவிடவில்லை. ஆட்களை மேற்பார்க்கும் கங்காணிகளுக்குக் கொடுக்கப்போகும் பேசும் போன், தோட்டத்துத் தரவுத்தளத்தில் எதையெல்லாம் படிக்க முடியும் என்று சோதித்துவிட்டுக் கொடுக்கலாமே என்றேன். அவ்வளவுதான். அவர் சொன்னதைக் கேட்டு அடுத்த மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். நான் கேட்டது சரி என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளியின் ஐந்தாம் படிவத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். ஈப்போவில் தங்கி, கணினித் துறையில் டிப்ளோமா வாங்கினேன். இதை நான் அடக்கமாகச் சொல்வதில்லை. அடக்கமாகச் சொன்னால் கேட்பவர்கள் பாதியாகக் குறைத்துக்கொள்கிறார்கள். கோலாலம்பூரில் உள்ள ஒரு நிறுவனம் தோட்டங்களுக்குக் கணினிக் கணக்குமுறை செய்து தருகிறது. அதன் ஒப்பந்த ஊழியராகத்தான் நான் அந்த ஆபீசில் இருந்தேன். தோட்டத்தைப் பொறுத்தவரை நான் அவர்களுடைய ஆள் இல்லை. நாங்கள் குடியிருந்த லயன் வீடு அம்மாவின் வேலைக்குக் கிடைத்தது. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிப்பதைப் பெரட்டு என்பார்கள். அப்பா போன பிறகு எங்கள் வீட்டிலிருந்து பெரட்டில் கூப்பிடப்படும் பெயர் அம்மாவுடையது மட்டும்தான். அந்தப் பெயர் இருக்கும்வரை வீடு இருக்கும். பெயரை அடித்துவிட்டால் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பக்கத்து நகரமான தானா ராத்தாவில் சுற்றுப்பயணிகளுக்கு விடும் விலைக்கு அறை எடுத்தால் என் சம்பளம் வாடகைக்கே சரியாகப் போய்விடும்.

அந்தப் பேசும் போனில் மாயம் ஒன்றும் இல்லை. கங்காணி தமிழில் கேட்பார். உள்ளே இருக்கும் ஏஐ உதவியாளர் தரவுத்தளத்துக்குப் போய்ப் படித்துவிட்டு, வானொலியில் செய்தி வாசிக்கும் பெண்ணைப் போன்ற குரலில் பதில் சொல்லும். எந்த மலையில் கொழுந்து முற்றிவிட்டது, நேற்று யார் குறைவாக வெட்டினார்கள், லோரி எந்த வளைவில் நிற்கிறது என்பது மாதிரி. நல்ல சாதனம். அதற்குத் தோட்டத்துச் சொற்களைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

கோளாறு வேறு இடத்தில் இருந்தது. எங்கள் தோட்டத்தில் புதிதாக ஒரு கிராணி வந்தால், போகிறவரின் சாவிக்கொத்தை அப்படியே அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். ஸ்டோர், உரக்கொட்டகை, கிளினிக் அலமாரி எல்லாவற்றின் சாவியும் அதில் தொங்கும். எது எதற்கு என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. பிரிப்பது கிராணியைச் சந்தேகப்படுவதாகிவிடும். கணினி வந்தபோதும் அதே வழக்கம்தான். தரவுத்தளத்தில் 'கிராணி' என்று ஒரு பொறுப்பை உண்டாக்கி, எல்லா அட்டவணைகளையும் படிக்க அதற்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். புதிய உதவியாளருக்கு என்ன அனுமதி கொடுப்பது என்று நிறுவனத்தின் பொறியாளர் போனில் கேட்டபோது பெரிய கிராணி யோசிக்கவே இல்லை.

"அதுவும் ஒரு கிராணிதானே? கிராணி சாவியவே குடுத்துரு."

அப்போதுதான் நான் சோதிக்கலாம் என்றேன். அப்போதுதான் அவர் என்னை 'அதோட நில்லு' என்றார்.

போன்கள் கங்காணிகளின் கழுத்தில் தொங்க ஆரம்பித்தன. காற்றடிக்கும்போது தான் சொல்வது அதற்குக் கேட்பதில்லை என்று எங்கள் பகுதிக் கங்காணி குறைப்பட்டுக்கொண்டதால், அதைச் சரிசெய்ய ஒரு நாள் காலையில் நானே பெரட்டுக்குப் போனேன். அம்மா பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். ஒலிவாங்கியைக் கூட்டி, ஒலிபெருக்கியையும் கூட்டிக் கங்காணியிடம் கொடுத்தேன். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இப்ப கேக்கும், இப்ப கேக்கும். மேல் மலையில மூட்டை தூக்க யாரெல்லாம் போலாம்?"

குரல் பெயர்களை வாசித்தது. அம்மாவின் பெயரைச் சொல்லி, அவரை மட்டும் அனுப்ப வேண்டாம், கனம் தூக்கக் கூடாது என்று டிரசர் பதிவு செய்திருக்கிறார் என்றது. டிரசர் என்பவர் தோட்டத்துக் கிளினிக்கைப் பார்த்துக்கொள்ளும் மருத்துவ உதவியாளர்.

கங்காணி அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "நல்லாத்தானே நிக்கிறீங்க? என்னா நோவாம்? கேப்போம் இரு." போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "ஏன் தூக்கக் கூடாது?"

நான் கையை நீட்டினேன். அவர் போனை உயர்த்திப் பிடித்தார். "இரு பாப்பா, சொல்லுதுல்ல."

அது சொன்னது. சுத்தமான தமிழில், மரியாதை குறையாமல், பெரட்டுக் களம் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னது. "அவருக்குக் கர்ப்பப்பை இறக்கம் உள்ளது. இருமும்போதும் கனம் தூக்கும்போதும் வெளியே இறங்குவதாகப் பதிவில் உள்ளது. அறுவைச் சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அவர் மறுத்துவிட்டார். வேறு ஏதேனும் விவரம் வேண்டுமா?"

முதலில் சிரித்தது ஆண்கள் இல்லை. எங்கள் எதிர் வீட்டுப் பெண். தீபாவளிக்கு முறுக்கு மாவை எங்கள் வீட்டில்தான் பிசைவார்.

"அக்கா, பாத்து நடங்க லா. செடிக்குள்ள விழுந்துட்டா அப்புறம் தேட முடியாது."

அதன் பிறகு யாரும் அடக்கிக்கொள்ளவில்லை. "ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்க." "அதான் பிரேக்கு புடிச்சிப் புடிச்சி எறங்குது பள்ளத்துல." கடைசி வரிசையில் இருந்த பங்களாதேஷ் பையன்களுக்குத் தமிழ் தெரியாது, எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவர்களும் சிரித்தார்கள். யாரோ மலாயில் சொல்லிக் கொடுத்தார்கள். கேட்டதும் அவர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தார்கள். அந்தக் களத்தில் சிரிப்பை நிறுத்தியவர்கள் அவர்கள் மட்டும்தான்.

அம்மா அழுவார் என்று எதிர்பார்த்தார்கள். நானும் எதிர்பார்த்தேன். அவர் கங்காணியைப் பார்த்து, "மேல் மலைக்கே போறேன். எழுதிக்க," என்றார். கொழுந்து வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு ஏறினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் இடுப்பில் இருந்த பெல்ட், பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் நான் வாங்கிக் கொடுத்தது. முதுகு வலி என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார். முதுகுக்கு என்று நம்பி, பூப்போட்ட துணியாகப் பார்த்து வாங்கியிருந்தேன்.

சாயங்காலம் அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒன் போனு நல்லா தமிழ் பேசுது," என்றார்.

"எனக்கு ஏம்மா சொல்லல?"

"சொன்னா என்னா பண்ணுவ? ஆபரேசன் பண்ணுனா மாசக்கணக்குல தூக்கக் கூடாதாம். அன்ஃபிட்டுன்னு எழுதிருவானுங்க. பேரு போயிரும். அப்புறம் ஒன்னோட சர்டிபிகேட்ட விரிச்சி அதுமேல படுக்குறதா?"

"டிரசரு யார்கிட்டயும் சொல்ல மாட்டாரும்மா."

"அவரு சொல்லல. நீ கொண்டாந்தது சொல்லுச்சு."

சோதிக்கக் கேட்டேன், விடவில்லை என்று சொல்லியிருக்கலாம். பெரட்டில் சிரிப்புக்கு ஆளானவரிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் பெரிய கிராணியைத் தாண்டி, என் நிறுவனத்தின் மேலாளருக்கே எழுதினேன். அவர் எனக்கு ஒரு கருவிக்கான அனுமதியைத் திறந்துவிட்டார். ஏஐயிடம் யார் வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் அதன் கையில் ஒரு கருவியைக் கொடுத்தால்தான் அது தரவுத்தளத்தின் கதவைப் போய்த் தொடும். கங்காணிகளின் போனில் இருந்ததற்குத் தகவலைப் படிக்கும் கருவி. எனக்குக் கிடைத்தது பூட்டுகளைப் பார்க்கும் கருவி. எந்தக் கதவு யாருக்குத் திறந்திருக்கிறது என்று என் கணினியில் இருந்த ஏஐ போய்ப் பார்த்துவந்து சொல்லும். அதனால் பூட்ட முடியாது. என்னாலும் முடியாது. பூட்டும் உரிமை கோலாலம்பூரில் உள்ள தோட்டத் தலைமையகத்துக்கு மட்டும், அதுவும் துரை கேட்டால் மட்டும்.

கிளினிக் அட்டவணையை யாரெல்லாம் படிக்கலாம் என்று கேட்டேன்.

'கிராணி' பொறுப்பில் நுழையும் எல்லோரும் என்று வந்தது. ஒருவர் தம் பிரிவின் ஆட்களை மட்டுமே பார்க்கும்படி அட்டவணையின் வரிசைகளுக்குத் தடை வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். எந்தத் தடையும் இல்லை. அந்தப் பொறுப்பில் இப்போது யார் யார்? பெரிய கிராணி, மலைவேலைக் கணக்கைப் பார்க்கும் வெளிக்காட்டுக் கிராணி, டிரசர், கங்காணிகளுக்காகப் பேசும் உதவியாளர். அதோடு பழைய ஆட்களின் கணக்குகளும் மூடப்படாமல் கிடந்தன. ஒருவர் ஓய்வு பெற்று மகனோடு கிள்ளானுக்குப் போனவர். இன்னொருவர் செத்துப்போனவர், அவர் கருமாதிக்கு நானே போயிருக்கிறேன். செத்துப்போன கிராணிக்கு என் அம்மாவின் கர்ப்பப்பையைப் பற்றிப் படிக்க அனுமதி இருந்தது. எனக்கு இல்லை.

கருவி சொல்வதை அப்படியே நம்புவது என் வழக்கமில்லை. சும்மா இருந்த ஒரு கங்காணி போனை எடுத்து, என்னைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். பதினான்கு வயதில் எனக்குத் தலையில் பேன் புண் வந்ததைச் சொன்னது. சரி, கருவி பொய் சொல்லவில்லை.

துரையைப் பார்க்கப் போனேன். அவர் தமிழர்தான், பினாங்குப் பக்கம். அம்மாவிடம் பேச மாட்டார், என்னை 'மிஸ்' என்பார். பெரிய கிராணியும் அந்த அறையில் இருந்தார். சோதனையில் வந்ததைக் காட்டி, கிளினிக் அட்டவணையை இன்றே அடைக்கத் தலைமையகத்திடம் சொல்ல வேண்டும் என்றேன்.

துரை மேலோட்டமாகப் பார்த்தார். "சின்ன விசயம் லா மிஸ் இது. ஒங்க அம்மாவுக்கு நடந்தது எனக்கும் வருத்தம்தான். ஆனா யோசிச்சிப் பாருங்க, யாரு தூக்க முடியும், யாரு முடியாதுன்னு கங்காணிக்குத் தெரிஞ்சா வேலை சுளுவு. முன்ன டிரசர்கிட்ட ஆள் அனுப்பிக் கேக்கணும்."

"டிரசர் தூக்கக் கூடாதுன்னு மட்டும்தான் சார் சொல்லுவாரு. ஏன்னு சொல்ல மாட்டாரு."

பெரிய கிராணி குறுக்கே வந்தார். "நோவுதானே, திருட்டா? ஒளிக்கிறதுக்கு என்னா இருக்கு? பொம்பளைங்க சும்மா நோவுன்னு சொல்லி ஏமாத்துறது இனிமே நடக்காது. அதுக்குத்தான் இந்தப் புள்ளைக்கு வயித்தெரிச்சல்."

நான் கங்காணியின் போனைக் கொண்டுபோயிருந்தேன். துரைக்குச் செய்து காட்ட எடுத்துப் போனது. அம்மாவைப் பற்றிக் கேட்டுக் காட்டுவதாகத்தான் நினைத்திருந்தேன். கிராணி பேசி முடித்ததும் போனை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, வேறு கேள்வி கேட்டேன்.

"பெரிய கிராணி கடைசியா எதுக்கு கிளினிக்குக்குப் போனாரு?"

வேலைக்காரப் பெண் தேநீர்க் கோப்பைகளோடு அப்போதுதான் உள்ளே வந்தார். குரல் எப்போதும் போல மரியாதையாகச் சொன்னது. "பெரிய கிராணி அவர்கள் சிறுநீரை அடக்க முடியாத பிரச்சினைக்காகச் சென்றார். பெரியவர்களுக்கான அணையாடையைத் தொடர்ந்து பயன்படுத்தும்படி அறிவுறுத்தப்பட்டது. வேறு ஏதேனும் விவரம் வேண்டுமா?"

துரையின் கண் கிராணியின் முகத்துக்குப் போகவில்லை. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் போனது. அந்தப் பெண் கோப்பைகளை வைத்துவிட்டு, உதட்டைக் கடித்தபடி வேகமாக வெளியே போனார்.

கிராணி கத்தவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். எழுந்து போவதற்கும் அவருக்குத் தைரியம் வரவில்லை, எழுந்தால் நாங்கள் பார்ப்போம் என்று. கடைசியில், "அத மூடச் சொல்லுங்க சார்," என்றார், துரையைப் பார்க்காமலே.

துரை கோலாலம்பூருக்குப் போன் போட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் கிளினிக் அட்டவணை அடைக்கப்பட்டுவிட்டது. செத்துப்போனவரின் கணக்கையும் மூடினார்கள். என் கருவியை அனுப்பி மறுபடியும் பார்த்தேன். டிரசர் ஒருவர்தான் படிக்கலாம் என்று வந்தது. பெண்களின் உடம்புக்காக மூடப்படாதது, ஒரு கிராணியின் மூத்திரத்துக்காக மூடப்பட்டது. எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. வந்ததாக எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் வரவில்லை.

தேநீர் கொண்டுவந்த பெண் வாயை வைத்துக்கொண்டு இருப்பாரா? வேலை விடும் நேரத்துக்குள் லயன் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டார்.

"நெசமாவா? அவன் முன்னாடியேவா கேட்ட?"

"ஆமா."

"மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

சொன்னேன். நாற்காலியையும் சொன்னேன். அன்றைய பெரட்டுக்குப் பிறகு அம்மா முதல்முறையாகச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சட்டென்று சிரிப்பை நிறுத்தி, இடுப்புக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். சிரித்தால் அது இறங்கும் போலிருக்கிறது. எதிர் வீட்டுப் பெண் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அம்மா உட்கார்ந்தபடியே, "என்னா, வந்து தேடிக் குடுக்குறியா?" என்றார். சன்னல் சாத்திக்கொண்டது.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் தலைமையகத்தில் யாரோ, அட்டவணை எத்தனை நாளாகத் திறந்து கிடந்தது, யாருடைய விவரமாவது வெளியே போயிருக்கிறதா என்று கேட்டுவிட்டார்கள். போயிருந்தால் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் போலிருக்கிறது. துரை என்னை மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை கிராணி இல்லை. தட்டச்சு செய்த ஒரு தாள் மேசையில் இருந்தது. அனுமதிகள் தொடக்கத்திலிருந்தே முறையாக இருந்தன, சோதித்ததில் குறை எதுவும் காணப்படவில்லை என்று எழுதியிருந்தது. கீழே நான் கையெழுத்துப் போடும் இடம்.

"சோதிச்சது நீங்க. அதனால நீங்க போட்டாத்தான் சரியா இருக்கும்," என்றார் துரை. "அம்மாவ நர்சரிக்கு மாத்திறலாம். நாத்துக்குத் தண்ணி ஊத்துற வேலை, ஒக்காந்தே செய்யலாம். பேரு அப்படியே இருக்கும், வீடும் இருக்கும். ஆபரேசனுக்கும் லீவு தர்றேன்."

"போடலன்னா சார்?"

"டிரசர் எழுதுனது எழுதுனதுதானே மிஸ். தூக்க முடியாத ஆள மலையில வச்சிருந்து, நாளைக்கு ஒன்னு ஆச்சுன்னா நான்ல பதில் சொல்லணும்?"

தாளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். நாளைக் காலைக்குள் வேண்டும் என்றார்.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நர்சரி என்றதும் அவர் முகம் மாறியது. அந்த வேலைக்கு இரண்டு வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார், கொடுக்கவில்லை.

"பேனா இருக்குல்ல? போட்டுக் குடுத்துட்டு வா," என்றார்.

"அது பொய்மா. நான் சோதிச்சேன். தொறந்துதான் கெடந்துச்சு."

"தொறந்து கெடந்தது என்னோடது. நானே பரவால்லங்குறேன். ஒனக்கு என்னா?"

"ஒங்களோடது மட்டும் இல்லம்மா."

"மத்தவளுங்களா? சிரிச்சாளுங்களே, அவளுங்களுக்கா?" அம்மாவின் குரல் உயர்ந்தது. "படிச்சவ கையெழுத்துன்னு ஒனக்குத் திமிரு. என் ஒடம்ப விட ஒன் கையெழுத்து பெருசாப் போச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்க முடியாது. இல்லை என்றும் எனக்குச் சொல்ல வரவில்லை.

"போடு புள்ள," என்றார், குரலைத் தாழ்த்தி. அம்மா என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. "ஒரு கையெழுத்துதானே."

அவரிடம் அப்போதுதான் சொன்னேன். துரையின் அறையிலிருந்து வெளியே வந்து, ஆபீஸ் படியில் நின்றே அனுப்பிவிட்டேன் என்று. கருவி கொண்டுவந்து கொடுத்த சோதனை முடிவு முழுவதையும், போனிடம் கேட்கப்பட்ட கேள்விகளின் பதிவையும், நோயாளிகளின் பெயர்களையும் நோய்களையும் மட்டும் எடுத்துவிட்டு, தனிப்பட்ட தரவுகளைக் கவனிக்கும் கோலாலம்பூர் அரசாங்க அலுவலகத்துக்கு அனுப்பினேன். கூடவே துரை கொடுத்த தாளின் படத்தையும் வைத்தேன். பெரிய கிராணியைப் பற்றி நான் கேட்ட கேள்வியும் பதிவில் இருந்தது. நான் செய்ததையும் அவர்கள் பார்க்கட்டும் என்று, அப்படிக் கேட்டதை மட்டும் நான் எடுக்கவில்லை. புகார் கொடுப்பவர் என்ற இடத்தில் என் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுதினேன். பெற்றுக்கொண்டோம் என்ற பதில், நான் லயனுக்கு நடந்து வருவதற்குள் வந்துவிட்டது.